கிரஹாம் பெல்லும் எங்கள் ட்யூப்லைட் சோக்கும்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி நம் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். எடிசன், சர் சி.வி. ராமன் எல்லாம் வந்தாச்சு, வேறு ஆளைப் பார் என்றார். நான் கிரஹாம் பெல் என்றேன். டெலிபோன் கண்டுபிடித்தவர்தானே, அஞ்சாம் கிளாஸ் பாடமாச்சே என்று முகத்தைச் சுளித்தார். நாலு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் அப்படித்தான் சுளித்திருப்பேன்.

நடந்தது இதுதான். எங்கள் பேட்ச் எடுத்த ப்ராஜெக்ட், பீரியட் பெல்லும் அறிவிப்பும் தானாகவே ஒலிக்கும் போர்டு. ஒரு ஆர்டுயினோ, ஒரு எம்பி3 மாட்யூல், ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். போர்டை வராந்தா கடிகாரத்துக்குக் கீழே மாட்ட வேண்டும். அங்கே ப்ளக் பாயின்ட் கிடையாது. ஆம்ப்ளிஃபயரோடு கூடிய ஸ்பீக்கர் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்குள்ளே 12 வோல்ட் இருக்கிறது. சரி, சத்தம் இங்கிருந்து அங்கே போகட்டும், கரண்ட் அங்கிருந்து இங்கே வரட்டும் என்று மூன்று கம்பி இழுத்தோம். ஒன்றில் 12 வோல்ட், ஒன்றில் ஆடியோ, ஒன்று இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட்.

ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் கீ...ங் என்று ஒரே ரீங்காரம். கார்டைப் படிக்கும்போதெல்லாம் கிர்ர் கிர்ர் என்று கூடவே ஒரு சத்தம். ரிவ்யூவுக்கு எட்டு நாள்தான் பாக்கி. எங்கள் லேப் ஸார் வந்து கேட்டார், சிரித்தார். டெலிபோனுக்கு எத்தனை கம்பிடா வருது என்று கேட்டார். இரண்டு ஸார் என்றோம். பேச்சும் அதிலேதான் போகுது, கரண்டும் அதிலேதான் வருது, அங்கே கீங் கேக்குதா? போய் பெல் என்ன செஞ்சான்னு படிங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். மார்க்குக்காக ஆரம்பித்தது வேறு எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

பெல் பிறந்தது 1847 மார்ச் 3, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். தாத்தா, அப்பா, மகன் மூவருக்கும் அலெக்சாண்டர் என்றே பெயர். தொழிலும் ஒன்றுதான். தாத்தா உச்சரிப்பு சொல்லித்தரும் வாத்தியார். அப்பா ஒரு படி மேலே போய், வாயும் நாக்கும் உதடும் எப்படி இருந்தால் எந்த ஒலி வரும் என்பதைக் குறிகளாக எழுதும் ஒரு முறையையே உண்டாக்கினார். அந்தக் குறியைப் பார்த்து எந்த மொழியின் ஒலியையும் சொல்லிவிடலாமாம். அம்மா எலைசாவுக்குக் காது மந்தம், போகப்போக அதுவும் போய்விட்டது. ஆனாலும் பியானோ வாசிப்பார். ஊரெல்லாம் அந்த அம்மாவிடம் குழாய் வழியாகக் கத்திப் பேசும். பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவான, கனத்த குரலில் பேசுவார். அதிர்வு எலும்பு வழியாகப் போகும் என்று அந்த வயதிலேயே பையனுக்குப் பட்டிருக்கிறது. விரல் எழுத்துகளாலும் அம்மாவோடு பேசுவார். இந்த விரல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1867இல் தம்பி காசநோயில் போனான். 1870இல் அண்ணனும் அதே நோயில் போய்விட்டார். மிச்சம் இருந்த ஒரே பிள்ளையைக் காப்பாற்ற அப்பா அம்மா ஊரையே விட்டுவிட்டுக் கனடாவில் பிரான்ட்ஃபோர்டு என்ற ஊரில் குடியேறினார்கள். பெல்லுக்கு அப்போது 23 வயது.

1871இல் பாஸ்டனுக்குப் போனார், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க. 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. பகலெல்லாம் பாடம், இரவெல்லாம் கம்பியும் பாட்டரியும். அப்போது ஒரே தந்திக் கம்பியில் பல சேதிகளை ஒரே நேரத்தில் அனுப்ப வழி கண்டால் பணம் கொட்டும் என்ற காலம். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு சுதி கொடுத்துவிட்டால், அந்தப் பக்கம் அதே சுதிக்கு அமைத்த எஃகுப் பட்டை மட்டும் ஆடும் என்பது பெல்லின் யோசனை. நாம் அஞ்சாவது செமஸ்டரில் உருட்டிப் படிக்கும் ஃப்ரீக்வன்ஸி டிவிஷன் மல்ட்டிப்ளெக்ஸிங்கின் பாட்டன் இது. அவரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேர், சாண்டர்ஸும் ஹப்பர்டும், செலவுக்குப் பணம் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் 1874இல் ஒரு காரியம் செய்தார், கேட்டால் கொஞ்சம் பயமாக இருக்கும். காது டாக்டர் கிளாரன்ஸ் பிளேக்கிடமிருந்து இறந்தவர் ஒருவரின் காதை வாங்கி, அதன் எலும்பில் ஒரு வைக்கோல் துண்டை ஒட்டி, காதுக்குள் பேசினார். புகை படிந்த கண்ணாடியில் அந்த வைக்கோல் பேச்சின் அலையைக் கோடாகக் கீறியது. கடுதாசி மாதிரி மெல்லிய ஒரு சவ்வு, தன்னைவிடக் கனமான எலும்புகளை ஆட்டுகிறதே. அப்படியானால் கொஞ்சம் பெரிய சவ்வு ஒரு இரும்புத் துண்டை ஆட்டாதா? டெலிபோன் அவர் மண்டையில் பிறந்தது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். கரண்டிலிருந்து அல்ல, காதிலிருந்து. எலெக்ட்ரிக்கல் படித்தவர்கள் யாருக்கும் தோன்றாதது இந்த வாத்தியாருக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

உண்மையில் அவருக்கு எலெக்ட்ரிக்கல் அரைகுறை. 1875 மார்ச்சில் வாஷிங்டன் போய் ஜோசப் ஹென்றியைப் பார்த்தார். நம் இண்டக்டன்ஸ் அளவுக்கு யார் பெயரோ அவரேதான், அப்போது கிழவர். எனக்குப் போதிய மின்சார அறிவு இல்லையே என்று பெல் தயங்க, இல்லையென்றால் கற்றுக்கொள் என்று ஹென்றி ஒரே வரியில் முடித்துவிட்டாராம். கைவேலையும் பெல்லுக்கு வராது. அதற்கு வாய்த்தவர் தாமஸ் வாட்சன், பாஸ்டன் கோர்ட் தெருவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த இருபது வயது சொச்சப் பையன். நம் மாதிரி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சொல்வதை அன்றைக்கே உலோகத்தில் செய்து காட்டிவிடுவான்.

1875 ஜூன் 2. அந்தப் பட்டறையின் மேல்மாடியில் ஒரு அறையில் வாட்சன், இன்னொரு அறையில் பெல். அனுப்பும் கருவியில் பாட்டரி, மின்காந்தம், அதன் மேல் எஃகுப் பட்டை, பட்டையைத் தொட்டுத் தொட்டு விலகும் ஒரு ஸ்க்ரூ. பட்டை ஆட ஆட கரண்ட் வெட்டி வெட்டிப் போக வேண்டும். ஒரு பட்டை ஒட்டிக்கொண்டது. வாட்சன் அதை விரலால் சுண்டிவிட்டார். அடுத்த அறையில் பட்டையைக் காதில் அழுத்திக்கொண்டிருந்த பெல்லுக்கு வழக்கமான டிக் டிக் கேட்கவில்லை; வீணைத் தந்தியை மீட்டினால் வருமே, அந்த நாதம் கேட்டது. ஓடிவந்தார். எதையும் தொடாதே, அப்படியே வை, என்ன செய்தாய் என்று கேட்டார்.

என்ன நடந்தது என்றால், ஸ்க்ரூ ரொம்ப இறுகிப்போய் சர்க்யூட் வெட்டவே இல்லை. மூடியே கிடந்தது. ஆனால் எஃகுப் பட்டை கொஞ்சம் காந்தமாகிவிட்டிருந்தது. காந்தம் காயிலுக்கு எதிரே ஆடினால் காயிலில் கரண்ட் பிறக்கும், இது ஃபாரடே 1831இல் காட்டியது. பட்டை எப்படி எப்படி ஆடியதோ அப்படி அப்படியே ஏறி இறங்கும் கரண்ட். அன்றைக்குக் கேட்டது பாட்டரி வெட்டி வெட்டி அனுப்பிய சத்தம் இல்லை. வாட்சனின் விரல் சுண்டியதிலிருந்து பிறந்த மின்சாரம்.

நம்பாதவர்கள் லேபில் செய்து பாருங்கள். இரண்டு சாதா ஸ்பீக்கர் எடுங்கள், ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், பாட்டரி வேண்டாம். இரண்டு கம்பியால் நேராக இணைத்து ஒன்றில் உரக்கப் பேசினால் இன்னொன்றில் காதை ஒட்டிவைத்தவனுக்குக் கேட்கும். நாங்கள் செய்தோம். கேட்டது! அப்போது எங்கள் பேட்சில் ஒருவன், அப்படின்னா ஸ்பீக்கரே போர்டுக்குக் கரண்ட் கொடுக்காதா என்று ஆவலோடு கேட்டான். கணக்குப் போட்டோம். பேச்சிலிருந்து கிடைப்பது மைக்ரோவாட் கணக்கில். எங்கள் போர்டுக்கு 5 வோல்ட்டில் 60 மில்லி ஆம்பியர், அதாவது 0.3 வாட். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் அந்த ஸ்பீக்கரில் கத்த வேண்டும். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பெல்லின் கதைக்கு வருகிறேன். அன்று மாலையே சவ்வு வைத்த கருவி செய்யச் சொன்னார். குரல் போனது, வார்த்தை புரியவில்லை. இதற்குள் இன்னொரு விவகாரம். ஹப்பர்டின் மகள் மேபல் மீது பெல்லுக்குக் காதல். ஐந்து வயதில் காய்ச்சலில் காது போன பெண், பெல்லின் மாணவி, அவரைவிடப் பத்து வயது சின்னவள். மாமனார் ஆகப்போகிறவருக்கோ இந்தப் பேசும் கம்பியில் நம்பிக்கை இல்லை. தந்தி வேலையைக் கவனி என்று நெருக்கினார். பெல் இரண்டையும் விடவில்லை. 1875 நவம்பரில் நிச்சயமானது. 1876 பிப்ரவரி 14இல் பேடன்ட்டுக்கு மனுப் போட்டது அதே ஹப்பர்டுதான், பெல்லிடம் கேட்காமலேயே! அதே நாளில் எலைஷா கிரே என்பவரும் அதே மாதிரி யோசனையோடு ஒரு முன்னறிவிப்பு மனு போட்டார். மார்ச் 7இல் பெல்லுக்கு 174465ஆம் எண் பேடன்ட் கிடைத்தது. மார்ச் 10இல் அமிலம் கலந்த தண்ணீரில் ஒரு கம்பி மேலும் கீழும் ஆடும் கருவியில் பேசி, அடுத்த அறையில் இருந்த வாட்சனைக் கூப்பிட்டார். வாட்சன் வந்தார். அமிலம் துணியில் கொட்டியதால் கூப்பிட்டார் என்று வாட்சன் பிற்காலத்தில் எழுதினார். பெல்லின் குறிப்பு நோட்டில் அமிலம் கொட்டிய பேச்சே இல்லை.

அந்தத் தண்ணீர்க் கருவி கிரேயின் மனுவில் இருந்த மாதிரியே இருக்கிறது என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. நூற்றுக்கணக்கான வழக்குகள். 1888இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் பெல் பக்கம் தீர்ப்பளித்தது. 2002இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மெயுச்சி என்ற இத்தாலியரின் பங்கையும் போற்றித் தீர்மானம் போட்டது. வக்கீல் வேலை நமக்கெதற்கு? எனக்குப் பட்டது இதுதான்: பெல் தண்ணீர்க் கருவியைக் கடைக்குக் கொண்டுவரவே இல்லை. 1877இல் ஜனங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது நிரந்தரக் காந்தமும் காயிலும் இரும்புத் தகடும் உள்ள பெட்டியை. அதாவது ஜூன் 2இல் கேட்ட அதே நாதம். அதில் பாட்டரியே கிடையாது. பேசுவதும் அதே ஓட்டை, கேட்பதும் அதே ஓட்டை; வாயையும் காதையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கூப்பிட மணிகூட இல்லை, தகட்டைத் தட்ட வேண்டியதுதான். கம்பியில் ஓடியதெல்லாம் பேசுகிறவன் மூச்சிலிருந்து வந்த மின்சாரம். இதே தத்துவத்தில் பாட்டரி இல்லாத போன்களைக் கப்பல்களில் வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள், ஜெனரேட்டர் நின்றாலும் பேசலாம் என்பதால்.

ஆனால் மூச்சு எவ்வளவு தூரம் போகும்? தூரம் கூடக்கூடக் குரல் ஈனஸ்வரம் ஆனது. அப்போதுதான் எடிசனின் கார்பன் வந்தது. கார்பன் மைக் கரண்டை உண்டாக்காது. பாட்டரி கொடுக்கும் பெரிய கரண்டைக் குரலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும். பெல் கம்பெனியும் 1878இல் கார்பன் மைக்குக்கு மாறியது. வீட்டுக்கு வீடு பாட்டரி வைத்தார்கள். பாட்டரி கசியும், காயும், ஆள் போய்ப் பார்க்க வேண்டும். 1890களில்தான் எக்ஸ்சேஞ்சில் ஒரே பெரிய பாட்டரி வைத்து, பேச்சு போகும் அதே இரண்டு கம்பியில் எல்லா வீட்டுக்கும் கரண்ட் அனுப்பும் முறை வந்தது. இது பெல் செய்தது அல்ல, அதற்குள் அவர் கம்பெனி வேலையை விட்டே பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் முன்பு இருந்த போன், ஊரே இருட்டில் கிடக்கும்போதும் வேலை செய்யும். சின்ன வயதில் அது எப்படி என்று யோசித்ததே இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டே இருந்திருக்கிறது!

அந்த முறையில் கரண்டை ஒரு காயில் வழியாக லைனுக்குக் கொடுப்பார்கள். காயில் நேர் கரண்டை விடும், பேச்சு அலையைத் தடுக்கும். பேச்சைக் கெப்பாசிட்டர் வழியாக எடுப்பார்கள். கெப்பாசிட்டர் அலையை விடும், நேர் கரண்டைத் தடுக்கும். இதைப் படித்ததும் எங்கள் கீங் எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிட்டது. கார்டைப் படிக்கும்போதெல்லாம் போர்டு கரண்டைத் துண்டு துண்டாக இழுக்கிறது. பதினைந்து மீட்டர் கிரவுண்ட் கம்பிக்கும் கொஞ்சம் ரெஸிஸ்டன்ஸ் உண்டு. துண்டுக் கரண்ட் அதில் துண்டு வோல்ட்டேஜாக விழுகிறது. ஆம்ப்ளிஃபயருக்கு அதுவும் ஆடியோதான். சோக் போட்டுக் கரண்டைச் சீராக்கிவிட்டால், விழும் வோல்ட்டேஜும் சீராகிவிடும். சீரானதைக் கெப்பாசிட்டர் உள்ளே விடாது.

சோக்குக்கு எங்கே போவது? பழைய இரும்புக் கடையில் 40 வாட்ஸ் ட்யூப்லைட் சோக் இரண்டு வாங்கினோம். ஸ்பீக்கர் பக்கம் ஒன்று, போர்டு பக்கம் ஒன்று. போர்டில் 1000 மைக்ரோ ஃபாரட், பிறகு 7805. ஆடியோவுக்கு இரண்டு பக்கமும் கெப்பாசிட்டர். மூன்றாவது கம்பியை அவிழ்த்து எடுத்துவிட்டோம். இரண்டே கம்பி! சோக்குகளில் நாலு வோல்ட் போய்விட்டது, 7805க்கு மயிரிழையில் போதுமானதாக இருந்தது. கனமான சுதி கொஞ்சம் குறைந்தது. கீங் போயே போச்சு.

ரிவ்யூ முடிந்தது. ஆனால் நான் படிப்பதை நிறுத்தவில்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

பெல் தன்னை எப்போதும் காது கேளாதோரின் ஆசிரியர் என்றே சொல்லிக்கொண்டார். 1877 ஜூலை 11இல் மேபலை மணந்தபோது, கம்பெனியில் தன் பங்குகளில் பத்தைத் தவிர எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்தார். பாருங்கள், உலகத்துக்கே டெலிபோன் கொடுத்தவரின் அம்மாவும் கேட்க முடியாது, மனைவியும் கேட்க முடியாது. 1880இல் பிரான்ஸ் அரசு கொடுத்த வோல்ட்டா பரிசுப் பணம் 50,000 ஃபிராங்கைக் கொண்டு ஆராய்ச்சிக்கூடம் வைத்தார். பிறகு காது கேளாதோருக்காக ஒரு நிலையமும் வைத்தார். சிறுமி ஹெலன் கெல்லருக்கு வழி காட்டியவரும் அவரே. ஹெலன் தன் சுயசரிதையை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். இதுவரைக்கும் படித்துவிட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் அதே ஆளைப் பற்றி வேறு ஒன்றைப் படித்தேன். 1883இல் அமெரிக்க அறிவியல் அகாடமியின் முன் ஒரு கட்டுரை படித்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டால் காது கேளாத மனித இனம் ஒன்று உருவாகிவிடும் என்று பயமுறுத்தினார். சட்டம் போட்டுத் தடுப்பது சரிவராது என்றுதான் சொன்னார்; ஆனால் அவர்கள் சேர்ந்து தங்கும் பள்ளிகள், காது கேளாத ஆசிரியர்கள், சைகை மொழி, மூன்றும் கூடாது என்றார். எல்லாரும் வாயால்தான் பேச வேண்டும், உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்சிக்கு அவர் பெயரும் பணமும் பெரிய பலம். அந்தக் கட்சி பல நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறை ஆட்சி செய்தது. சைகையும் இலக்கணமுள்ள முழு மொழிதான் என்று ஸ்டோக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிக் காட்ட 1960 ஆனது.

என் தங்கச்சி முதலில் படித்த பள்ளியில் கையால் பேசினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். அது பெல் போட்ட சட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படித்த அன்றைக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. அம்மாவோடு விரலால் பேசியவர், அந்த விரல்களை மற்றவர்களுக்கு ஏன் மறுத்தார்? நெற்றியில் வாய் வைத்துப் பேசத் தெரிந்த பிள்ளை, ஒரு கம்பியில் எது போனாலும் சேதிதான் என்று கண்டவர், கையால் போகும் சேதியை மட்டும் ஏன் சேதியாக எண்ணவில்லை? மேபல் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள், அதனால் எல்லாராலும் முடியும் என்று நினைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. மேபலுக்குக் காது போனது பேச்சு வந்த பிறகு. என் தங்கச்சி பேச்சையே கேட்டதில்லை. அந்த வித்தியாசம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரியும், அவருக்குத் தெரியாமல் போனது.

மற்றவை சுருக்கமாக. 1880இல் சூரிய ஒளியில் குரலை ஏற்றி வாஷிங்டனில் 213 மீட்டர் தூரம் அனுப்பினார். டெலிபோனைவிட இதுவே பெரிது என்பது அவர் எண்ணம். இன்றைய ஃபைபர் வேலைக்கு அது பிள்ளையார் சுழி. 1881இல் சுடப்பட்ட ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட மின்கருவி செய்தார், கிடைக்கவில்லை. அதே கோடையில் அவருடைய கைக்குழந்தையும் இறந்தது. வயதான காலத்தில் விமானம், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும் படகு என்று விடவில்லை. 1919இல் அந்தப் படகு மணிக்கு 70 மைலைத் தாண்டியது, அவருக்கு அப்போது 72.

1922 ஆகஸ்ட் 2இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தன் வீட்டில் காலமானார். மேபல் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போக வேண்டாம் என்று கேட்டதாகவும், பேச முடியாத நிலையில் அவர் விரலால் இல்லை என்று சைகை செய்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆகஸ்ட் 4இல் அடக்கம் நடந்தபோது வட அமெரிக்கா முழுக்க டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தன. மேபல் அடுத்த ஜனவரியில் போய்விட்டார்.

கண்காட்சி அன்று அம்மாவும் தங்கச்சியும் காலேஜுக்கு வந்தார்கள். போர்டு பெல் அடித்தது. தங்கச்சி ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கம்பியைக் காட்டி, ஏன் இரண்டுதான் என்று கையால் கேட்டாள். சோக், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் கையாலேயே சொல்லி முடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. எங்கள் ஹெச்.ஓ.டி. கேட்டபோது வைவாவில் நான் சொன்னதைவிட அது தெளிவாகத்தான் இருந்தது.

போர்டு இப்போதும் வராந்தாவில் கடிகாரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஜூனியர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: கழற்றி மாட்டினால் சிவப்புக் கம்பியைச் சோக் பக்கமே கொடுங்கள். மாற்றிக் கொடுத்து நாங்கள் ஏற்கெனவே ஒரு 7805ஐயும் ஒரு கெப்பாசிட்டரையும் பலி கொடுத்தாகிவிட்டது.